பாதி நிரம்பிய டேங்கர்

— போதும் அண்ணே, நிறுத்துங்க. இவ்வளவு நீளமா பேசினா நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வச்சுட்டு எழுந்து போயிடுவார். முதல்லேருந்து வாங்க. நான் வக்கீல், கேக்கறேன். நீங்க சாட்சி, சொல்லுங்க. அந்த ராணுவ டேங்கரை எங்க பார்த்தீங்க?

— எங்க பஸ் டிப்போ வாசல்ல மேடம். மொபைல் கடைக்கு முன்னாடி நின்னுட்டிருந்துச்சு.

— எவ்வளவு நேரம்?

— நான் டீ குடிக்க வெளிய வந்தப்போ நின்னுச்சு. குடிச்சு முடிச்சு உள்ள போய், ஒரு பஸ்ஸுக்கு பிரேக் டிரம்மைக் கழட்டி மாட்டிட்டு, கை கழுவ வந்தேன். அப்பவும் அங்கயேதான் நின்னுச்சு. பார்த்ததுமே நினைச்சேன் மேடம், அதுல தண்ணி பாதிதான் இருக்கு...

— தண்ணி வேண்டாம்.

— இல்ல, விஷயம் என்னன்னா, பாதித் தண்ணியோட ஒரு வண்டி...

— அண்ணே.

— சரிங்க மேடம்.

— இவரை விடுங்க வக்கீலம்மா. என்னைக் கட்டிக்கறேன்னு எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே எங்கப்பாகிட்ட பிரேக்கைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார். இவர் போனப்புறம் எங்கப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, வந்தவர் பொண்ணைக் கேட்டாரா, பஸ்ஸைக் கேட்டாரா?"ன்னார்.

— உங்கப்பாதான் மேல மேல கேட்டார். நானா ஆரம்பிச்சேன்?

— அக்கா, நீங்களும் கொஞ்சம் கேளுங்க. மறுபடி சொல்றேன். நாளைக்கு அந்தச் சிப்பாய் உங்க பொண்ணு மேல வண்டியை ஏத்தினானா இல்லையா, தப்பு யார் மேல, தண்டனை என்ன, இது எதுவுமே பேச்சுல வராது. ஒரே ஒரு கேள்விதான். அவனை விசாரிக்க வேண்டியது யாரு? நம்ம கோர்ட்டா, ராணுவக் கோர்ட்டா?

— ஒரு பிள்ளையைக் கொன்னவனை விசாரிக்க இத்தனை போட்டியா?

— போட்டிதான் அக்கா. டியூட்டியில இருக்கும்போது பண்ணியிருந்தா அவங்க ஆளு, அவங்க பார்த்துக்குவாங்க. சொந்த வேலையா ஊரைச் சுத்தும்போது பண்ணியிருந்தா, உங்களை என்னை மாதிரி அவனும் நம்ம கோர்ட்டுக்கு வந்து நிக்கணும். அவங்க, தண்ணி கொண்டு போற டியூட்டின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாம என்ன சொல்றோம்? டியூட்டியும் இல்ல ஒண்ணும் இல்ல, உடைஞ்ச போனுக்குக் கண்ணாடி மாத்திக்க வண்டியைத் தெருவுல போட்டுட்டு கடைக்குள்ள உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் வந்து சொல்றேன்னிருக்கார். அண்ணனும் கண்ணால பார்த்திருக்கார். அதனாலதான், டேங்கர் அங்க நின்னதை மட்டும் சொல்லுங்கங்கறேன். டேங்கருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் கேக்கப் போறதில்ல.

— ஏன் வக்கீலம்மா, ரெண்டு கோர்ட்டுலயும் நிறுத்தக் கூடாதா? முதல்ல அவங்க கேக்கட்டும், அப்புறம் நாம கேப்போம்.

— முடியாது. ஒரே குத்தத்துக்கு ஒருத்தனை ரெண்டு தடவை விசாரிக்க சட்டத்துல இடமில்ல. ஒரு கோர்ட்டு விசாரிச்சு முடிச்சுட்டா அதோட சரி. தண்டனை குடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, இன்னொரு கோர்ட்டு அவனைத் தொடவே முடியாது. அதனாலதான் இந்த இழுபறி.

— அவங்க கோர்ட்டுக்குப் போயிட்டா என்ன ஆகும்? அதையும் சொல்லுங்க. இவருக்கும் காதுல ஏறட்டும்.

— எல்லாம் முகாமுக்குள்ள நடக்கும். நம்ம ஊர் ஜட்ஜு கிடையாது, அவங்க ஆபீசருங்களே உட்காருவாங்க. வேடிக்கை பார்க்கக்கூட வெளியாளை விட மாட்டாங்க. நான் போய் வாதாட முடியாது. முடிஞ்சப்புறம் முடிவை ஒரு வரியில சொல்லி அனுப்புவாங்க. அதுவும் அவங்களுக்குத் தோணும்போது.

— கேட்டுக்கிட்டீங்களா? எனக்கு அவன் தூக்குல தொங்கணும்னுகூட இல்ல வக்கீலம்மா. நாலு பேர் பார்க்க அவன் கூண்டுல நிக்கணும். நான் எதிர் பெஞ்சுல உட்காரணும். அடிச்சப்புறம் ஏன்டா வண்டியை நிறுத்தலன்னு யாராவது ஒருத்தர் அவனைக் கேக்கணும். அவன் வாயைத் திறந்து பதில் சொல்லணும். என்ன சொன்னாலும் பரவாயில்ல, சொல்லணும். அதுக்காகத்தான் இந்த முட்டி வலியோட உங்க மாடிப்படியை ஏறி இறங்கிட்டிருக்கேன்.

— தெரியும் அக்கா. அதுக்குத்தான் நாளைக்குப் போறோம். அண்ணே, வாங்க. டேங்கர் கிளம்பினதைப் பார்த்தீங்களா?

— பார்க்கல மேடம். பள்ளத்துல இறங்கிட்டேன்.

— பள்ளமா?

— பஸ்ஸுக்கு அடியில நின்னு வேலை பார்க்கற குழி மேடம். அங்கேருந்து சத்தம்தான் கேட்டுச்சு. அடுத்த வளைவுலதானே. பிரேக் போட்ட சத்தம். ஆனா அது சாதாரண சத்தமில்ல. பிடிச்சு, விட்டு, மறுபடி தள்ளிக்கிட்டுப் போற மாதிரி ஒரு இழுப்பு. நிறைய தண்ணி இருந்தா அப்படி வராது. காலி டேங்கரா இருந்தாலும் வராது. பாதியா இருந்தா உள்ள இருக்கற தண்ணி மொத்தமும் முன்னாடி வந்து இடிக்கும், டிரைவர் எவ்வளவு மிதிச்சாலும் அது தள்ளும். இதையேதான் அந்த மேஜர்கிட்டயும் சொன்னேன், அவர்கூட...

— எந்த மேஜர்?

— என்ன மேடம்?

— எந்த மேஜர்கிட்ட சொன்னீங்க?

— அது... சும்மா ஒரு பேச்சுக்கு.

— என்னங்க, வக்கீலம்மா கேக்கறாங்கல்ல? உங்களுக்கு எங்கேருந்து வந்தார் மேஜர்?

— விஷயம் என்னன்னா... நீ கோபப்படாம கேளு.

— கோபப்படாம கேக்கற மாதிரி நீங்க இதுவரைக்கும் எதையும் சொன்னதில்ல. சொல்லுங்க.

— திங்கக்கிழமை டிப்போவுக்கு ஒரு ஜீப் வந்துச்சு. அதுல வந்தவர் நல்ல மாதிரிதான் பேசினார். "உங்க பொண்ணு விஷயமா ரெண்டு வார்த்தை கேக்கணும், வர முடியுமா"ன்னார். கூட வேலை பார்க்கறவங்க எல்லாம் பார்த்துட்டிருந்தாங்க. சரின்னு ஏறிட்டேன்.

— முகாமுக்கா போனீங்க?

— கூப்பிட்டாங்கம்மா.

— கூப்பிட்டா போயிடறதா? செத்தாலும் நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் அந்த கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நான் கத்தினேனே, அன்னைக்குத் தலையை ஆட்டினது யாரு?

— போகும்போதே அந்த ஜீப்புல முன் சக்கரம் கீச்சுகீச்சுன்னு கத்திட்டே வந்துச்சு. பிரேக் லைனிங் தேஞ்சு போச்சு, உடனே மாத்திடுங்கன்னு டிரைவர்கிட்ட சொன்னேன்.

— கேட்டீங்களா வக்கீலம்மா? போன இடத்துல அவங்க ஜீப்பையும் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்திருப்பார். அதையும் கேளுங்க.

— அக்கா, இருங்க. போனது ஒண்ணும் குடி முழுகிப் போற தப்பு இல்ல. முகாம்ல எது நடந்தாலும் முதல்ல ஒரு விசாரணை வைப்பாங்க. சம்பந்தப்பட்டவங்களைக் கூப்பிட்டுப் பேசி எழுதி வச்சுக்குவாங்க. வெறும் காகிதம் சேர்க்கற வேலை. அது நம்ம கேஸைத் தொடாது. ஆனா அண்ணே, என்கிட்ட ஏன் சொல்லல?

— நீங்க திட்டுவீங்கன்னு மேடம். இவ அதுக்கு மேல.

— இப்போ மட்டும் கொஞ்சவா போறேன்?

— சரி, ஒண்ணொண்ணா சொல்லுங்க. உங்களை எங்க உட்கார வச்சாங்க? என்ன கேட்டாங்க?

— பெரிய ரூம் மேடம். பச்சைத் துணி போட்ட மேஜை. எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க. பாப்பா போனதுலேருந்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தன் என்னை உட்காருன்னு சொல்லல மேடம். ஆஸ்பத்திரியில யாரும் முகத்தைப் பார்த்துப் பேசல. அங்க, "உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. பேசினேன். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன், ஒருத்தரும் குறுக்க பேசல. லேப் டெக்னீசியன் படிப்பு படிச்சது, பழகறதுக்காக வீட்டுல எல்லார் விரல்லயும் குத்திக் குத்தி ரத்தம் எடுத்தது, எல்லாத்தையும் சொன்னேன். எழுதிக்கிட்டே இருந்தாங்க.

— அதைப் போய் அவங்ககிட்ட சொன்னீங்களா?

— சொன்னேன். அம்மா விரலை மட்டும் தொட மாட்டா, அம்மாவுக்கு வலிக்கும்னு, அதையும் சொன்னேன்.

— எனக்கு வலிக்கும்னு இல்ல. நான் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவேன்னு. அதைக்கூட தப்பா சொல்லி வச்சிருக்கீங்க.

— தப்பா ஒண்ணும் சொல்லலம்மா.

— நான் ஆஸ்பத்திரி சலவையில துணி மடிக்கறவ. பாப்பாவைப் போர்த்தியிருந்த பெட்ஷீட்டு அன்னைக்குக் காலையில நான் மடிச்சது வக்கீலம்மா. என் மடிப்பு எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லலாம்னா இங்க ஒருத்தரும் கேக்கல. இவரை மட்டும் நாற்காலி போட்டுக் கேட்டிருக்காங்க.

— அக்கா, இந்தத் தண்ணியைக் குடிங்க. குடிங்க. அண்ணே, அப்புறம்?

— அப்புறம், டிப்போவுல என்ன வேலைன்னு கேட்டாங்க. பிரேக்குன்னேன். எத்தனை வருஷமான்னாங்க. சின்ன வயசுலேருந்துன்னேன். அப்போதான் அந்த மேஜர், "உங்களைவிட இது யாருக்குத் தெரியப் போகுது"ன்னு ஆரம்பிச்சார்.

— மேஜர்னா, நடுவுல உட்கார்ந்திருந்தவரா?

— இல்ல மேடம், நடுவுல இருந்தவர் இன்னும் பெரியவர். மேஜர் அந்தப் பையன் பக்கத்துல இருந்தார்.

— எந்தப் பையன்?

— அவன்தான்.

— அவன் அங்க இருந்தானா? அவனைப் பார்த்தீங்களா?

— பார்த்தேன்மா.

— எப்படி இருந்தான்? சொல்லுங்க, எப்படி இருந்தான்?

— சின்னப் பையன். மீசைகூட சரியா வரல. தலையில தொப்பி இல்ல, இடுப்புல பெல்ட் இல்ல. பேண்ட் நழுவிடுமோன்னு ஒரு கையால பிடிச்சுட்டே நின்னான். என்னைப் பார்க்கவே இல்ல, தரையைத்தான் பார்த்தான்.

— அண்ணே, ஒரு நிமிஷம். தொப்பியும் பெல்ட்டும் இல்லையா?

— இல்ல மேடம். மத்தவங்க எல்லார்கிட்டயும் இருந்துச்சு.

— மேஜைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேரு?

— மூணு பேரு. இந்தப் பக்கம் ஒருத்தர், முதல்ல கேள்வி கேட்டவர். அந்தாண்ட பையனும் மேஜரும்.

— வக்கீலம்மா, ஏன் ஜன்னலைச் சாத்தறீங்க?

— கீழ ஜெராக்ஸ் மெஷின் போடற சத்தத்துல சரியா கேக்கல அக்கா. அண்ணே, நீங்க பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையைத் தூக்கி ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?

— ஆமா. உண்மையைத்தான் சொல்வேன்னு. சொன்னேன். எங்க போனாலும் நான் உண்மையைத்தானே மேடம் சொல்லப் போறேன்.

— அந்த மேஜர் என்ன கேட்டார்? அவர் கேட்ட மாதிரியே சொல்லுங்க.

— "பாதித் தண்ணியோட வர்ற டேங்கர். அந்த வளைவு. திடீர்னு ரோட்டுல ஒருத்தர் கால் வச்சா, அந்த வண்டி நிக்குமா?"ன்னார்.

— நீங்க?

— நிக்காதுன்னேன்.

— நிக்காதுன்னீங்களா?

— நிக்காதும்மா. தண்ணி எப்படி முன்னாடி வரும்னு மேஜை மேல இருந்த தண்ணி பாட்டிலை வச்சே காட்டினேன். நடுவுல இருந்த பெரியவர்கூட எட்டிப் பார்த்தார். வண்டி மேல குத்தமில்ல, கால் மேல குத்தமில்ல, தண்ணியோட குணம் அது. யார் ஓட்டினாலும் நிக்காது. நானே ஓட்டியிருந்தாலும் நிக்காது.

— அந்தக் கடைசி வார்த்தையையும் அங்க சொன்னீங்களா? நானே ஓட்டியிருந்தாலும்னு?

— சொன்னேன். மேஜர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், எழுதறவருக்காக.

— அடப்பாவி மனுஷா!

— உண்மைதானேம்மா! வேற என்ன சொல்லச் சொல்ற? நிக்கும்னு பொய் சொல்லவா?

— சரி, நிக்காது. ஒத்துக்கறேன். அடிச்சப்புறம்? அப்புறமும் தண்ணிதான் தள்ளிச்சா? என் பிள்ளையை ரோட்டுல போட்டுட்டு முகாம் வாசல் வரைக்கும் தண்ணியே தள்ளிட்டுப் போச்சா? உள்ள போனதும் முதல் வேலையா டேங்கரைக் கழுவினானே, முகாம்ல குப்பை அள்ற அண்ணன் கண்ணால பார்த்தாரே, அதைச் சொன்னீங்களா?

— அதை அவங்க கேக்கல.

— கேக்கலைன்னா?

— மேடம்தானே போன வாரம் பூரா சொல்லிக் குடுத்தாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், நீங்களா எதையும் எடுத்து விடக் கூடாதுன்னு. அப்படியே நடந்துக்கிட்டேன். ஒரு வார்த்தை கூடுதலா பேசல.

— ஆமா அண்ணே. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

— அது எந்த இடத்துல எந்தக் கேள்விக்குன்னு இவருக்குத் தெரிய வேண்டாமா வக்கீலம்மா? அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கற ஆளு கேக்கற கேள்விக்கு, பாட்டிலை ஆட்டி ஆட்டிக் காட்டியிருக்கார். பெத்த அப்பனே!

— எனக்கு அப்படித் தோணலம்மா. இத்தனை நாள்ல முதல் தடவையா ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டார். மத்தவங்க எல்லாரும் எனக்குத் தெரியாததைத்தான் கேட்டாங்க. எத்தனை மணி, எந்த செக்‌ஷன், எந்த ஃபாரம்...

— அண்ணே, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. நீங்க பேசி முடிச்சதும் அனுப்பிட்டாங்களா?

— இல்ல மேடம். வராந்தாவுல பெஞ்சுல உட்கார வச்சாங்க. பையனையும் மேஜரையும்கூட வெளிய அனுப்பிட்டாங்க. மூணு பேர் மட்டும் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரையும் கூப்பிட்டாங்க. "பொண்ணோட அப்பா நீங்க, நீங்களும் வரலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு"ன்னு மேஜரே வந்து மரியாதையா சொன்னார்.

— உள்ள என்ன நடந்துச்சு?

— இதை நான் இவகிட்ட தனியா சொல்லணும்னு வச்சிருந்தேன் மேடம். நாளைக்கு எல்லாம் முடிஞ்சப்புறம், வீட்டுல. இவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்னு.

— எனக்கு என்னத்த ஆறுதல்?

— எல்லாரும் எழுந்து நின்னாங்கம்மா.

— யாரு?

— அந்த ஆபீசருங்க. மூணு பேரும். நெஞ்சு பூரா பட்டை பட்டையா மெடல். தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டு விறைப்பா நின்னாங்க. அவனும் நின்னான். கதவுகிட்ட இருந்த காவல்காரன்கூட நின்னான். நானும் எழுந்தேன். நடுவுல இருந்த பெரியவர் ஒரு பேப்பரை வாசிச்சார். பெரிய பெரிய சட்ட வார்த்தை, எனக்குப் பிடிபடல. ஆனா அதுல பாப்பா பேரு வந்துச்சு.

— பாப்பா பேரா?

— முழுப் பேரு. இன்னாரோட மகள்னு என் பேரையும் சேர்த்து. ஸ்டேஷன்லகூட அவ பேரைத் தப்பாத்தானே எழுதினாங்க? அவர் ஒரு எழுத்து பிசகாம சொன்னார்.

— எல்லாரும் நின்னுட்டே இருந்தாங்களா?

— வாசிச்சு முடிக்கற வரைக்கும் ஒருத்தரும் அசையல. ஃபேன் சத்தம் மட்டும்தான். நான் டிப்போவுல எத்தனையோ இரங்கல் கூட்டம் பார்த்திருக்கேன், பின்னாடி நிக்கறவன் போனை நோண்டிட்டிருப்பான். அங்க அப்படி இல்லம்மா.

— அழுதீங்களா?

— அங்க அழல. கேட்டுக்கு வெளிய வந்து அழுதேன்.

— என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல.

— திட்டுவியே.

— திட்டியிருப்பேன். திட்டிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டிருப்பேன். அத்தனை பெரிய ஆளுங்க, அதுவும் அவங்க... நம்ம பிள்ளைக்காக எழுந்து நின்னாங்களா.

— அண்ணே, வாசிச்சு முடிச்சதும் அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?

— அவனுக்கு ஒண்ணும் ஆகல மேடம். மேஜர் தொப்பியையும் பெல்ட்டையும் அவன் கையில குடுத்தார். கட்டிக்கிட்டான். சல்யூட் அடிச்சான். போயிட்டான்.

— காவல் கூடப் போகலையா?

— இல்ல, தனியாத்தான் போனான்.

— வக்கீலம்மா, என்ன, ஃபைலைக் கட்டறீங்க? இன்னும் என்னை ஒண்ணுமே கேக்கலையே. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் நாங்க?

— வர வேண்டாம் அக்கா.

— வர வேண்டாமா? நாளைக்குத்தானே எந்தக் கோர்ட்டுன்னு முடிவாகும்?

— நாளைக்கு அவங்க வக்கீல் வந்து ஒரு பேப்பரை நீட்டுவார், மாஜிஸ்ட்ரேட் பார்த்துட்டு கேஸை மூடிடுவார். அக்கா, அண்ணன் கையை விடாம பிடிச்சுக்கோங்க. அண்ணனைக் கூப்பிட்டது காகிதம் சேர்க்கற விசாரணைக்கு இல்ல, அந்த ரூம்தான் கோர்ட்டு. அவனை விட்டுட்டாங்க. அவங்க எழுந்து நின்னது பாப்பாவுக்கு இல்ல, தீர்ப்புக்கு.